வெள்ளைப் புள்ளி போன வழி

மாதவியின் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்தது. அக்கா கல்லூரிக்குப் போனதும் அது ஆறாம் வகுப்பு மாதவியிடம் வந்து சேர்ந்தது. வயரைப் பிடுங்கினால் உடனே தூங்கிவிடும். கொஞ்சம் பெரிய வேலை கொடுத்தால், மேட்டில் ஏறும் டவுன் பஸ் மாதிரி முனகும்.

அந்த லேப்டாப்பில்தான் மாதவி ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. அதற்காகத்தான். பக்கத்தைத் திறந்தால் இராஜபாளையத்தின் தெருக்கள் கோடுகளாகத் தெரியும். எந்தத் தெருவிளக்கு எரியவில்லையோ அந்த இடத்தை யாராவது போனில் தொட்டால் போதும். அங்கே ஒரு கறுப்புப் புள்ளி விழும். எல்லாருடைய போனிலும் விழும். இதற்காக ஸாவித்ரி மிஸ் இணையத்தில் பள்ளிக்கூடத்துக்கு இருந்த இடத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்திருந்தார்.

பக்கத்தைச் செய்ய ஒரு லைப்ரரி உதவியது. இது புத்தகங்கள் இருக்கும் லைப்ரரி இல்லை. முகம் தெரியாத யாரோ நிரல் எழுதி, 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று இணையத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கும் லைப்ரரி என்றுதான் பெயர். மாதவி முதலில் எடுத்துப் பார்த்தவை எல்லாம் பெரியவை. லேப்டாப் முனகி முனகிப் படுத்துவிட்டது. கடைசியில் ஒரு குட்டி லைப்ரரி கிடைத்தது. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பாடம் அளவுக்குத்தான் இருந்தது. கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது.

அதற்கு ஒரே ஒரு விதி. படத்தில் நீ கை வைக்கக் கூடாது. என்ன நடந்தது என்று மட்டும் சொல். படத்தை அது வரைந்துகொள்ளும்.

மாதவி பனி பெய்யும் தூர தேசங்களின் கதைகளை நிறைய வாசிப்பவள். அந்தக் கதைகளிலிருந்து ஒரு குள்ள மந்திரவாதி கிளம்பி வந்து தன் லேப்டாப்புக்குள் உட்கார்ந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை. வாசலில் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. அவளுடன் படிக்கும் பாண்டிதுரை மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"மாதவி! தவிலைக் காணோம்!"

தவில் என்பது அவனுடைய நாய்க்குட்டி. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அசல் இராஜபாளையம் நாய்.

"எப்படிடா போச்சு?"

"பால் வாங்கப் போனேன். கேட்டைச் சாத்தாமப் போயிட்டேன். வந்து பாத்தா ஆளக் காணோம்."

"நல்லா சத்தமா கூப்பிட்டுப்..." என்று ஆரம்பித்த மாதவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தவிலுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சத்திரப்பட்டியில் பாண்டிதுரையின் மாமா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருக்கிறார். அங்கே ஒரு மூலையில்தான் அது பிறந்தது. "காது கேக்காத குட்டிய எவன் வாங்குவான்?" என்று மாமா அலுத்துக்கொண்டபோது, "எனக்குக் குடுங்க மாமா" என்று போன வாரம்தான் பாண்டிதுரை அதைத் தூக்கி வந்திருந்தான்.

தவிலை அழைக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். தரையில் 'தொம் தொம்' என்று காலால் உதைப்பான். அந்த அதிர்வு அதன் பாதத்துக்குப் போய்ச் சேரும். உடனே திரும்பிப் பார்த்து வாலாட்டிக்கொண்டு ஓடி வரும். அதனால்தான் தவில் என்ற பெயர்.

"லாரிக்காரன் எம்புட்டு ஹாரன் அடிச்சாலும் அதுக்குத் தெரியாது மாதவி." பாண்டிதுரை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாதவி லேப்டாப்பைப் பார்த்தாள். தெருக்கள் அங்கே கோடு கோடாகக் காத்திருந்தன.

"விளக்குக்குப் பதிலா தவிலைத் தேடச் சொல்வோம்."

"அப்போ திங்கக்கிழம கண்காட்சி?"

"அது கெடக்கட்டும்" என்றபடி அவள் எழுத ஆரம்பித்தாள்.

கறுப்புப் புள்ளி வெள்ளைப் புள்ளி ஆனது. 'வெள்ளை நாய்க்குட்டியை எங்கே பார்த்தீர்கள்? எப்போது பார்த்தீர்கள்?' என்ற கேள்வி மேலே வந்து உட்கார்ந்தது.

"இம்புட்டு வேகமாவா?" பாண்டிதுரை வாயைப் பிளந்தான்.

"இது ஒரு ஃபங்ஷன்டா."

"ஃபங்ஷனா? யாருக்குக் காதுகுத்து?"

அழுகைக்கு நடுவிலும் அப்படிக் கேட்டவனைப் பார்த்து மாதவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஃபங்ஷன் இல்லடா! நடந்ததை உள்ள போட்டா படம் வெளிய வரும். அதே விஷயத்தைப் போட்டா அதே படம்தான் வரும். எப்பப் போட்டாலும் மாறாது."

"மாவு மில்லு மாதிரியா? கோதுமையப் போட்டா கோதுமை மாவு, கேப்பையப் போட்டா கேப்பை மாவு?"

"அதேதான்!"

மாதவியின் அம்மா நாராயணி தன் போனில் இருந்த குழுக்களுக்கெல்லாம் பக்கத்தை அனுப்பினார். பள்ளிப் பெற்றோர் குழு, தெருக்காரர்கள் குழு, மகளிர் சுய உதவிக் குழு, கோலப் போட்டிக் குழு. பக்கம் அவ்வளவு லேசாக இருந்ததால் கண்ணாடி உடைந்த பழைய போனில்கூடச் சட்டென்று திறந்தது.

முதல் புள்ளி அம்பலப்புளி பஜாரில் விழுந்தது. பாண்டிதுரை துள்ளிக் குதித்தான். அடுத்தது தென்காசி ரோட்டில். பிறகு முடங்கியாறு ரோட்டில் ஒன்று, பழைய பஸ் ஸ்டாண்டில் இரண்டு, சஞ்சீவி மலை அடிவாரத்தில் ஒரு கொத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர் முழுவதும் நட்சத்திரம் பூத்துவிட்டது.

பாண்டிதுரையின் முகம் சுருங்கியது. "ஒரு நாய் எப்படி இத்தன எடத்துல இருக்கும்?"

அம்மாவின் போன் அடித்தது. ஒரு தாத்தா கோபமாகப் பேசினார். "ஏம்மா, அது எங்க வீட்டு நாய்! வாசல்லதான் படுத்திருக்கு. அத எதுக்கு ஆளாளுக்குப் போட்டோ எடுக்காக?"

அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். "இராஜபாளையத்துல போய் வெள்ளை நாயப் பாத்தீங்களான்னு கேட்டா வேற என்னடி நடக்கும்?"

அப்போதுதான் மாதவிக்குத் தன் தவறு உறைத்தது. தெருவுக்கு நாலு வெள்ளை நாய் இருக்கும் ஊர் இது. தவிலை மட்டும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது? நிறமும் அதேதான். மூக்கும் அதேதான். மற்ற நாய்களிடம் இல்லாமல் தவிலிடம் மட்டும் இருப்பது என்ன?

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேகமாக இன்னொரு கேள்வியைச் சேர்த்தாள்.

'நீங்கள் கூப்பிட்டபோது அது திரும்பிப் பார்த்ததா?'

"அடி ஆத்தி!" என்றான் பாண்டிதுரை.

ஏற்கெனவே புள்ளி வைத்தவர்களின் போன்களிலும் அந்தக் கேள்வி போய் நின்றது. பதில்கள் வரத் தொடங்கின. 'திரும்பிப் பார்த்தது.' 'திரும்பிப் பார்த்துக் குரைத்தது.' 'திரும்பிப் பார்த்து என்னைத் துரத்தியது.'

மாதவி ஒரே ஒரு வரி எழுதினாள். திரும்பிப் பார்த்த நாய்களைக் காட்டாதே.

மின்சாரம் போனதுபோல் நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாக அணைந்தன. மலை அடிவாரம் இருண்டது. பஸ் ஸ்டாண்ட் இருண்டது. அத்தனை பெரிய ஊரில் ஒரு கைப்பிடிப் புள்ளிகள் மட்டும் அமைதியாக எரிந்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் தவிலா?" பாண்டிதுரை கிசுகிசுத்தான்.

"தவிலாத்தான் இருக்கும். ஆனா எங்க மொதல்ல போச்சு, எங்க கடைசியா போச்சுன்னு தெரியலையே."

மாதவி கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். புள்ளி வைத்தவர்கள் எல்லாரும் பார்த்த நேரத்தையும் சொல்லியிருந்தார்கள். அதே விஷயத்தைப் போட்டால் அதே படம் வரும். அப்படியென்றால், விடிந்த நேரத்தில் நடந்ததை மட்டும் போட்டால்? விடிந்த நேரத்துப் படம் வருமல்லவா?

படத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். கோட்டின் மேல் ஒரு குமிழ் வைத்தாள். குமிழை இடது ஓரத்துக்குத் தள்ளினால் விடியற்காலை. வலது ஓரத்துக்குத் தள்ளினால் இப்போது.

குமிழை இடது ஓரத்தில் வைத்துவிட்டு மெல்ல நகர்த்தினாள்.

பாண்டிதுரையின் தெரு முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்தது. குமிழ் நகர நகர, ஒரு புள்ளி அணைந்து அடுத்தது எரிந்தது. பார்ப்பதற்கு ஒரே புள்ளி நடப்பதுபோல் இருந்தது. அது தெருவைத் தாண்டியது. பஜாருக்குள் நுழைந்தது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி நடந்தது.

தோசையைத் திருப்பிப் போடப் போன அம்மாகூடக் கரண்டியோடு நின்றுவிட்டார். காலையில் நடந்து முடிந்துபோனது கண் முன்னே மறுபடி நடந்தது. காலத்தையே ஒரு விரலால் தள்ள முடிகிறது! குமிழின் மேல் இருந்த தன் விரலை மாதவி யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இன்னொரு தடவ" என்றான் பாண்டிதுரை.

அவள் மறுபடி ஓட்டினாள். புள்ளி நிற்கும் இடங்களை இந்த முறை கவனித்தாள்.

"பஜார்ல எங்கடா நிக்குது?"

"அங்க... மாவு மில் இருக்கு."

"அடுத்தது?"

"அது பட்டறை. இரும்பு அடிப்பாக."

"கடைசி?"

"ரயில்வே கேட்டு. அதுக்குப் பொறவு ஒண்ணுமில்ல."

மாவு மில். பட்டறை. தண்டவாளம். மாதவி அந்த மூன்றையும் மனதில் அடுக்கினாள். பிறகு, ஏன் என்று தெரியாமலே, தரையில் காலால் உதைத்தாள். தொம். தொம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாமே தரை அதிருற எடம்!" என்றான் பாண்டிதுரை.

"அம்மா! ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல எது ரொம்ப அதிரும்?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "இது ஒரு கேள்வியா? பஞ்சு மில்லுதான். ஏறுங்க ரெண்டு பேரும்."

நூற்பாலையின் பின்பக்க மதில் நீளமாகப் போனது. அதற்கும் சாலைக்கும் நடுவே வேப்பமரங்கள். காவலாளி இசக்கிமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஏலே, யாருலே அது? அங்கிட்டு எங்க போறிய?"

"அண்ணாச்சி, ஒரு வெள்ள நாய்க்குட்டி பாத்தியளா?" என்று கேட்டான் பாண்டிதுரை.

"அதா? ரொம்ப நேரமா சொவத்த ஒட்டிப் படுத்துக் கெடக்கு. பிஸ்கட் போட்டேன், மோந்துகூடப் பாக்கல. அதட்டுனேன், கண்ணத் தொறக்கல. சரியான திமிர் புடிச்ச நாயின்னு விட்டுட்டேன்."

பாண்டிதுரை ஓடினான். கடைசி வேப்பமரத்துக்குப் பின்னால் தவில் படுத்திருந்தது. முதுகு மதிலோடு ஒட்டியிருந்தது. தாடை மண்ணில் பதிந்திருந்தது.

அவன் காலால் உதைத்தான். தொம் தொம். தவில் அசையவில்லை. இன்னும் பலமாக உதைத்தான். அசையவே இல்லை. அவன் பயந்துபோய் மாதவியைப் பார்த்தான்.

மாதவி குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான இரும்புக் கதிர்கள் சுழன்று சுழன்று நூல் நூற்றுக்கொண்டிருந்தன. மண் மெல்ல நடுங்கியது. அந்த நடுக்கம் அவள் கை வழியே ஏறி, தோளுக்குப் போய், நெஞ்சுக்குள் இறங்கியது. இத்தனை நாள் இந்த வழியாகப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். ஒருமுறைகூட மண்ணைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"நீ ஒதைக்கிறது அதுக்குத் தெரியாதுடா. இங்க தரையே தவில் வாசிக்குது."

பாண்டிதுரையும் கையை வைத்துப் பார்த்தான். அவன் கண்கள் விரிந்தன. "சத்திரப்பட்டித் தறிக்கூடம் இப்படித்தான் இருக்கும்! அது பொறந்த எடம்!"

அவன் தவிலுக்கு எதிரே மண்ணிலேயே படுத்தான். அவன் மூச்சு அதன் மூக்கில் பட்டது. ரோஸ் மூக்கு சுருங்கியது. ஒரு கண் திறந்தது. அடுத்த நொடி பாண்டிதுரையின் முகம் முழுவதும் எச்சில்.

"திமிரும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று இசக்கிமுத்து தலையைச் சொறிந்தார். "பிஸ்கட்ட இப்பக் குடுத்துப் பாக்கவா?"

தவில் பொட்டலத்தையும் சேர்த்துத் தின்றது.

திரும்பும் வழியில் பாண்டிதுரை கவலையோடு சொன்னான்: "எங்க வீடு ரொம்ப அமைதியால்ல இருக்கு. மறுபடியும் ஓடிருமே."

"உங்கம்மா தையல் மிஷின் வச்சிருக்காகல்ல?" என்றாள் மாதவி.

அன்று சாயங்காலம் பாண்டிதுரையின் அம்மா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். மிஷின் கடகடவென்று ஓடியது. அதன் காலடியில் தவில் தாடையைத் தரையில் வைத்துத் தூங்கியது.

மாதவி லேப்டாப்பைத் திறந்தாள். படத்தில் அவள் கை வைக்கவில்லை. நடந்ததை மட்டும் சொன்னாள்: தவில் வீட்டுக்கு வந்துவிட்டது.

அம்பலப்புளி பஜாரிலும், முடங்கியாறு ரோட்டிலும் எல்லாருடைய போன்களிலும், கண்ணாடி உடைந்த பழைய போன்களிலும்கூட, ஒரே நேரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வீடு வந்து சேர்ந்தது.