தூசிவாங்கியில் ஒரு வேண்டாத இடம்

எழிலன் தும்மினான். சுவர் அதைக் குறித்துக்கொண்டது.

பூமியில் யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்று வாழ்த்துவதுண்டு. செவ்வாயின் தெற்குக் கவிகையில் முதலில் விசாரணை, பிறகுதான் வாழ்த்து. கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்த காற்று எல்லோருக்கும் பொது. வெளியே கோள் முழுக்கத் தூசி. உள்ளே ஒரு சிட்டிகை எழுந்தாலும் சுவர் மானி வழியே காற்றுச் சபைக்குச் செய்தி போய்விடும். மிளகாய் வறுக்க அண்டை வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில் எழிலன் வீட்டுக்குப் பின்னால் மரவேலைக் கொட்டகை வைத்திருந்தான். கவிகையில் மலைவேம்பு நன்றாக வளர்ந்தது. கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு வந்தால் மாலையில் ரம்பம்தான். அவனுக்கு மரம் தெரியும், தூசி தெரியாது. அது மனைவி பூங்கோதையின் பொறுப்பு. அவள் பிராணவாயு நிலையத்தில் குழாய்ப் பொறியாளர். கல்யாணமான புதிதில் சோற்றில் மரத்தூள் கடிபட்டதும் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கொட்டகையை அளந்தாள்.

அவள் அமைத்த தூசிவாங்கி எளிமையானது. ரம்பத்துக்கு ஒரு குழாய், இழைப்பு மெஷினுக்கு ஒன்று. இரண்டிலும் தகட்டுக் கதவுகள். குழாய்கள் சேர்ந்து ஒரு சுழற்கூம்புக்குள் நுழையும். காற்று அதில் சுற்றும்போது கனத்த தூள் கீழே டிரம்மில் விழும். மிச்சத்தை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். தப்பு நடந்தால் மெஷின் பேசும். கம்பெனிக் குரலை யாரும் மதிப்பதில்லை என்பதால் வீட்டுக் குரலிலேயே எச்சரிக்கைகளைப் பதிந்துகொள்ளலாம். பூங்கோதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பதிந்தாள்.

"ஏங்க, மாஸ்க் மூக்குக்கா, கழுத்துக்கா?"

"எல்லாக் கதவையும் திறந்து வெச்சா எந்தக் குழாய் இழுக்கும்? அறுக்கிற இடத்துல மட்டும் திறங்க."

"டிரம் நிரம்பிருச்சு. மிச்சத்தை ரசத்துல போடவா?"

அவள் நோயில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்த ஒரு வருடத்தில் எழிலன் எதையும் செய்து முடிக்கவில்லை. பலகையை அறுப்பான். தூள் பறக்கும். அவள் திட்டுவாள். அவன் அடுத்த பலகையை எடுப்பான். டிரம்மைக் கொட்டுவதை நிறுத்தினான். குழாய் இணைப்புகளைத் தளர்த்தினான். அவள் இருந்தவரை பேச்சை நிறுத்துவதற்காக மாஸ்க் போட்டவன், இப்போது பேச்சைக் கேட்பதற்காகக் கழற்றினான்.

இன்றைய தும்மலுக்குக் காற்றுச் சபை ஆளையே அனுப்பியது. வந்தவன் சபை அதிகாரி சேந்தன், பூங்கோதையின் அண்ணன். தள்ளுவண்டியில் புது மெஷின் ஒன்று இருந்தது.

"மாப்ள, உள்ள இருக்கியா, தூளோட தூளா போயிட்டியா?"

"வாங்க மச்சான்."

"கவிகையிலேயே அதிக எச்சரிக்கை வாங்கின கொட்டகை உன்னோடது. பழசைக் கழட்டி எடுத்துட்டு இதை வைக்கச் சொல்லி உத்தரவு."

"அவ குரல் இதுல ஏறுமா?"

"ஏறாதுப்பா. உள்ளமைப்பே வேற. எச்சரிக்கை பதியறதுக்கு இதுல கூடுதல் இடம் குடுத்திருக்கான். பழசுல வேண்டாத ஒரு இடம் இருந்துச்சாம். யாருமே எதையும் பதியலைன்னு எடுத்துட்டாங்க."

"என்ன இடம்?"

"யாருக்குத் தெரியும்? கையேட்டுல கடைசிப் பக்கத்துல போட்டிருப்பான். யார் அதுவரைக்கும் படிச்சா?"

எழிலன் தூசிவாங்கியின் மேல் கை வைத்து நின்றான். அவன் கையைப் பார்த்த சேந்தன் குரலைத் தாழ்த்தினான். "விதிப்படி ஒரு சோதனை கேக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். ஒரு பலகை. ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் இது வாயே திறக்கக் கூடாது. அதுக்கப்புறமும் எப்பவாவது ஒரு எச்சரிக்கை சபையில பதிவாச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தோற்றால் குரல் போய்விடும். ஜெயித்தால் குரல் இருக்கும், பேசாது. எழிலன் இரண்டையும் நிறுத்துப் பார்த்தான். பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும் என்று தோன்றியது.

டிரம்மைக் கொட்டினான். வடிகட்டியைத் தட்டினான், தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. தானே தளர்த்திய இணைப்புகளை இறுக்கி டேப் சுற்றினான். வளைந்து நெளிந்து கிடந்த ஹோஸை வெட்டிக் குட்டையாக்கினான். அவள் சொல்லிக்கொண்டே இருந்ததுதான் எல்லாம். ஒன்றுவிடாமல் செய்தது இதுதான் முதல்முறை.

மறுநாள் சேந்தன் சுவர் மானியின் பக்கத்தில் கைகட்டி நின்றான். எழிலன் மாஸ்க்கை மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டான். ரம்பத்தின் கதவை மட்டும் திறந்தான். பலகை போனது. தூள் மேலே எழாமல் குழாய்க்குள் சரசரவென்று ஓடியது. மெஷின் மூச்சுவிடவில்லை. ரம்பத்தை நிறுத்தினான். குழாயில் மிச்சம் இருந்ததும் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கதவை மூடினான். இதையும் அவள்தான் சொல்லியிருந்தாள்.

தூசிவாங்கி 'டிக்' என்றது. பேசப்போகும்போது அது அப்படித்தான் ஒலிக்கும்.

எழிலன் கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் போயிற்று.

"அப்பாடா," என்றாள் பூங்கோதை. மெஷினில் அவன் இதுவரை கேட்காத குரல், பதியும்போது சிரித்திருக்கிறாள். "இன்னைக்கு ஒரு தப்பும் இல்ல. அழகா செஞ்சிருக்கீங்க. இதைக் கேக்கிற அளவுக்கு நீங்க திருந்துவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. இருந்தாலும் பேசி வெச்சிருக்கேன். தலையில தூள் இருக்கும், தட்டிட்டு வாங்க. காபி போடறேன்."

மெஷின் நின்றது. சுவர் மானி பச்சையாகவே இருந்தது. எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை.

"மச்சான்," என்றான் எழிலன். தலையில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டான்.

"அந்த வேண்டாத இடம் இதுதான் போல," என்றான் சேந்தன். "ஊர்ல எல்லா வீட்டுலயும் இது இருந்துச்சு மாப்ள. என் வீட்டு அடுப்புப் புகைவாங்கியில என் குரல்தான். 'மூடி போடு, மூடி போடு'ன்னு மட்டும்தான் பதிஞ்சு வெச்சேன்."

அவன் தள்ளுவண்டியை வெளியே திருப்பினான். எழிலன் அடுத்த பலகையை எடுத்து நீளம் பார்த்தான். ஒரு முக்காலிக்கு ஆகும். முடிக்கும்வரை ஒவ்வொரு வெட்டையும் ஒழுங்காக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு காபி.

வாசலில் சேந்தன் மனைவியைப் போனில் கூப்பிடுவது கேட்டது.

"வடிவு... ஒண்ணுமில்ல. சும்மாதான். காலையில இட்லி நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லலாம்னு."

மறுமுனையில் அவள் போட்ட கூச்சல் கொட்டகை வரைக்கும் வந்தது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? எங்க இருக்கீங்க? பக்கத்துல எழிலன் தம்பி இருக்காரா? போனை அவர்கிட்ட குடுங்க!"