பந்தய வண்டியில் குளவி வீடு

ராஜ்மோகன் சித்தப்பாவின் ஏக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் இருந்தன. பிரதீபா சித்தியின் ஏக்கத்தைப் பற்றியோ வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஆயினும் அனைவரும் அதனை அறிவர். பதினோரு வயது நித்யஸ்ரீயும் அறிவாள்.

ஆண்டுதோறும் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில், மாடிகளிலிருந்து இறைக்கப்படும் மாம்பழங்களுள் ஒன்றைச் சித்தி முண்டியடித்துப் பிடிப்பார். குழந்தை வரம் வேண்டி அதனைத் தனியே உண்பார். மாம்பழமென்றால் உயிரையே விடுபவள் நித்யஸ்ரீ. எனினும் அந்த ஒரு பழத்தில் மட்டும் அவள் பங்கு கேட்டதே இல்லை.

சித்தப்பாவின் ஏக்கம் ஊரறிந்தது. கல்லூரியில் படித்த காலத்தில், சென்னைக்கு அருகே நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயமொன்றை அவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாராம். உடம்பு வீடு திரும்பியதாம். மனம் அந்த வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது அவர் மின்துறையில் வேலை பார்க்கிறார். கோழிக்கூண்டு ஒன்றன் அடியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய யெஸ்டி வண்டியை வாங்கிவந்து, தருமபுரத்து வீட்டின் பக்கத்திலே தகரக் கொட்டகை போட்டு, அதனைப் பிரித்துச் சேர்த்துப் புதுப்பித்தார். பழைய வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம் நடக்கிறது. அதில் ஒருமுறையாவது ஓட வேண்டும் என்பதே அவர் ஆசை.

அடுத்த தெருவிலிருந்த நித்யஸ்ரீ, பள்ளி விட்டதும் அந்தக் கொட்டகைக்கு ஓடிவந்துவிடுவாள். புதுப்பித்த வண்டியின் முகவிளக்கையும் மட்கார்டையும் பின்னிருக்கையையும் சித்தப்பா ஒவ்வொன்றாகக் கழற்றியபோது அவளுக்கு மனம் பொறுக்கவில்லை.

"ஏன் சித்தப்பா, இவ்வளவு பாடுபட்டுப் பெயின்ட் அடிச்சிட்டு இப்பக் கழட்டுறீங்க?"

"பந்தயத்துக்குக் கனம் ஆகாதுடி. கனம் குறைஞ்சாத்தான் வேகம்."

நித்யஸ்ரீ அவருடைய வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். "அதைக் கழட்ட ஸ்பேனர் இல்லையா சித்தப்பா?"

அருகில் நின்ற மார்ட்டின் மாமா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருகு கீழே விழுந்து உருண்டோடிவிட்டது. மார்ட்டின் மாமா சித்தப்பாவின் நண்பர். காரைக்கால்மேட்டில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். பந்தயத்துக்கு ஏற்றபடி புகைக்குழாயை வளைத்து ஒட்டிக் கொடுத்தவர் அவரே.

கைப்பிடியைத் தாழ்த்தினார்கள். கால் வைக்கும் கட்டையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பெட்ரோல் டேங்கின் மூடியில் இருந்த சிறு துளை வழியே பெட்ரோல் தெறிக்கக் கூடாது என்பதற்காக, அந்தத் துளையில் ஒரு மெல்லிய கறுப்பு ரப்பர்க் குழாயைப் பொருத்தி, அதன் முனையை டேங்குக்குக் கீழே தொங்கவிட்டார் சித்தப்பா. எல்லாம் முடிந்தது. பந்தயத்துக்குப் பெயரும் பதிவாகிவிட்டது. பந்தயத்துக்கு இரண்டு வாரமே இருந்தது.

அப்போதுதான் வண்டி நிற்கத் தொடங்கியது.

மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையின் வளாகத்தில், காவலரின் அனுமதி பெற்று, ஓட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் சீறிக்கொண்டு ஓடும். பிறகு இருமும், செருமும், நின்றுவிடும். சித்தப்பா இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். இருக்கும். மூடியை மூடிவிட்டு உதைப்பார். உடனே உறுமிக்கொண்டு கிளம்பும்! இன்னும் சிறிது தூரம் போய் மீண்டும் நின்றுவிடும்.

பிளக்கை மாற்றினார். கம்பிகளை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். வண்டியோ மாறவில்லை.

"மாப்ளே, இது வண்டியில்ல, மாமியார் வீட்டுக்குப் போற மருமகன். நாலு எட்டுக்கு ஒருதடவை உபசாரம் கேக்குது" என்றார் மார்ட்டின் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மீன் வேனைத் தர்றேன்னு சொன்னேன். தருவேன். ஆனா நிக்கிற வண்டியை ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரம் போயி என்ன பண்றது?"

சித்தப்பா கவிழ்த்துவைத்த வாளியின்மேல் அமர்ந்தார். துடைத்த டேங்கையே மறுபடியும் துடைத்தார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

நித்யஸ்ரீக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு மாங்கனித் திருவிழாவுக்குப் பின்னும் சித்தி சொல்லும் சொல் அது.

மறுநாள் மாலை சித்தி வாழைப்பூ வடை சுட்டுக்கொண்டிருந்தார். "எண்ணெய் குறைஞ்சுடுச்சு. அந்தப் புது டின்னிலேருந்து கொஞ்சம் ஊத்திக் கொடுடி" என்றார்.

டின்னின் மூலையில் ஒரே ஓட்டை இருந்தது. நித்யஸ்ரீ சாய்த்தாள். எண்ணெய் 'களுக்' என்று ஒரு வாய் வந்தது, நின்றது. மீண்டும் 'களுக்', மீண்டும் நின்றது.

"இன்னொரு ஓட்டை போடாம ஊத்தினா எப்படி வரும்?" என்று சித்தி ஓர் ஆணியை எடுத்து எதிர்மூலையில் குத்தினார். "காத்து உள்ளே போனாத்தானே எண்ணெய் வெளியே வரும்!"

எண்ணெய் நூல்பிடித்தாற்போல் ஒழுகியது. நித்யஸ்ரீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திறந்தால் வண்டி ஓடுகிறது. மூடினால் நிற்கிறது. அப்படியென்றால்?

"சித்தி! பெட்ரோல் டேங்குக்குக் காத்து எந்த வழியா உள்ளே போகும்? மூடியில மாட்டியிருக்கே கறுப்புக் குழாய், அது வழியாவா?"

சித்தியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. சட்டியிலிருந்த வடை கறுக்கத் தொடங்கியது. சித்தி அடுப்பை அணைத்தார்.

"வா" என்று மட்டும் சொன்னார்.

சித்தப்பா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. கொட்டகையில் சித்தி மண்டியிட்டு, குழாயின் முனையை இரண்டு விரல்களால் மெல்லத் தூக்கிக் காட்டினார். அதன் வாய் மண்ணால் அடைபட்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி வழித்ததுபோல் அத்தனை நேர்த்தி.

"குளவி" என்றார் சித்தி. "தினம் மத்தியானம் வந்து கட்டிச்சு. பச்சைப் புழுவைத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்து உள்ளே வெச்சுச்சு. பொறக்கப்போற குஞ்சுக்குச் சாப்பாடு. அப்புறம் வாயை அடைச்சுட்டுப் போயிடுச்சு. நான் இங்கேயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

"சித்தப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

சித்தி குழாயை முன்போலவே தொங்கவிட்டார்.

"வீட்டுல குளவி கூடு கட்டினா, அந்த வீட்டுல குழந்தை வரும்னு சொல்லுவாங்கடி. முன்னே ஒருதடவை இதை உங்க சித்தப்பாகிட்ட சொன்னேன். 'எங்க டிபார்ட்மென்ட் மீட்டர் பெட்டியிலெல்லாம் குளவிக்கூடுதான். அதுக்கெல்லாம் வளைகாப்பா நடத்துறோம்?'னு சிரிச்சார். அவர் விளையாட்டாத்தான் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் சொல்லத் தோணலை."

சித்தியின் கண்கள் குளமாயின. "இதனாலதான் வண்டி நிக்குதுன்னு சத்தியமாத் தெரியாதுடி. சொன்னா ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்துடுவார். சொல்லலைன்னா அவரு பந்தயமே போயிடும். நான் என்ன பண்ணட்டும்?"

நித்யஸ்ரீயும் மண்டியிட்டாள். குழாய்க்குள்ளே, இருட்டில், பச்சைப் புழுவைத் தின்றுகொண்டு ஒரு சின்ன உயிர் படுத்திருக்கிறது. அதை எப்படிக் குத்துவது? வேலியில் தொங்கும் சித்தப்பாவின் மனத்தைத்தான் எப்படி இறக்குவது?

"சித்தி, உள்ளே இருக்கிற குஞ்சுக்கு, தன் வீடு எங்கே தொங்குதுன்னு தெரியுமா?"

"வாயைத்தான் அடைச்சாச்சே, எப்படித் தெரியும்?"

"அப்போ வீட்டை உடைக்க வேணாம். வீட்டோட தூக்கிட்டுப் போயிடலாம்!"

சித்தப்பாவின் கருவிப்பெட்டியில் அதே கறுப்புக் குழாயின் மீதிச்சுருள் கிடந்தது. நித்யஸ்ரீ அளந்து ஒரு துண்டு நறுக்கினாள். பழைய குழாயைச் சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினார். நித்யஸ்ரீ புதியதை மாட்டி, அதன் வழியே ஊதிப் பார்த்தாள். காற்று தடையின்றிப் போயிற்று.

பழைய குழாயைச் சமையலறைச் சன்னல் கம்பியில் கட்டினார்கள்.

"நேராக் கட்டாதீங்க சித்தி. வண்டியில எப்படிச் சாய்வாத் தொங்கிச்சோ அப்படியே, வாய் கீழே பாத்தாப்ல கட்டுங்க. தூங்குறதைப் புரட்டிப்போட வேணாம்" என்றாள் நித்யஸ்ரீ. பல்லி அண்டாதபடி சித்தி ஒரு கொசுவலைத் துண்டையும் மேலே போர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நூற்பாலை வளாகம். சித்தப்பா நம்பிக்கையின்றித்தான் உதைத்தார். வண்டி ஓடியது. வழக்கமாக இருமும் இடம் வந்தது, இருமவில்லை. வழக்கமாக நிற்கும் இடமும் வந்தது; நிற்கவில்லை. வேப்பமரங்களில் இருந்த காகங்களெல்லாம் எழுந்து பறக்க, வண்டி சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னடா பண்ணினே?" என்று கத்தினார் மார்ட்டின் மாமா.

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"அப்போ வண்டிக்கே புத்தி வந்துடுச்சு. உனக்கு எப்ப வரும்?"

சித்தப்பா வண்டியை ஒவ்வோர் இடமாகத் தடவிக்கொண்டே வந்தார். மூடியில் மாட்டியிருந்த குழாயில் கை நின்றது. அது புழுதி படாமல் பளபளத்தது. அவர் நித்யஸ்ரீயைப் பார்த்தார். நித்யஸ்ரீ வானத்தில் காகங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று வீடு திரும்பியதும், சமையலறைச் சன்னலுக்கு எதிரே அவர் வெகுநேரம் நின்றார். கொசுவலையைத் தூக்கிப் பார்த்தார். முன்பொரு முறை சிரித்த மனிதர் இப்போது சிரிக்கவில்லை. வலையை முன்போலவே இழுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மீன் வேனில் யெஸ்டி ஏறியது. "பந்தயத்துல உன் பின்னாடி யாரு வராங்களோ இல்லையோ, பூனைங்க நிச்சயம் வரும்" என்று சொல்லிக்கொண்டே மார்ட்டின் மாமா கதவைச் சாத்தினார்.

ஞாயிறன்று நித்யஸ்ரீ காலையிலேயே சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். இருவருமாகக் கைப்பேசியைச் சன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அது அடிக்கவில்லை. சோறு ஆறியது. வெயில் சன்னலுக்கு இறங்கிவந்தது.

"சித்தி, அங்கே பாருங்க!"

குழாயின் மண்வாயில் ஒரு சின்ன வட்டத் துளை விழுந்திருந்தது. அதிலிருந்து ஒரு கறுத்த தலை எட்டிப் பார்த்தது. சித்தி வலையை அகற்றினார். புதுக்குளவி வெளியே வந்து, கம்பியில் அமர்ந்து, ஈரச் சிறகுகளை உதறிக்கொண்டது. மெல்லிய இடுப்பு. துடிக்கும் மீசை. பிறகு அது எழும்பி, முருங்கைமரத்தைத் தாண்டி, போயே போய்விட்டது.

"பறந்துடுச்சு" என்றார் சித்தி. வெறுமையான குழாயை அவர் ஒற்றை விரலால் தொட்டபடியே நின்றார். நித்யஸ்ரீ அவருடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கைப்பேசி அடித்தது.

"பின்னாலேருந்து மூணாவது!" மார்ட்டின் மாமாவின் குரல் தெருவரை கேட்டது. அதற்குள் யாரோ கைப்பேசியைப் பிடுங்கினார்கள்.

"நிக்கவே இல்லடி நித்யா!" சித்தப்பாவின் குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று விளங்கவில்லை. "கடைசிவரைக்கும் வண்டி நிக்கவே இல்ல! உங்க சித்திகிட்ட சொல்லு. இல்ல, கொடு, நானே சொல்றேன்."

சித்தி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். "ம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு "ம்"மும் முன்னதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது.

மறுநாள் மாலை நித்யஸ்ரீ பள்ளியிலிருந்து வந்தபோது, சமையலறைச் சன்னலில் பழைய குழாய்க்குப் பக்கத்தில் மேலும் இரண்டு கறுப்புக் குழாய்கள் தொங்கின. மின்கம்பிகளில் சுற்றுகிற சிவப்பு டேப்பால் அவை இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தன.

"இதை யாரு கட்டினா சித்தி?"

சித்தி சிரித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் தலையை அசைத்தார். அங்கே சித்தப்பா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் தலையை வெளியே நீட்டவில்லை.

"மிச்சமிருந்த குழாய்டி. வீணாப் போகுதேன்னு கட்டிவெச்சேன்" என்ற குரல் மட்டும் வந்தது.

நித்யஸ்ரீ சன்னலருகே சென்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டு குழாய்களும், குளவிக்குப் பிடித்தபடியே, சாய்வாக, வாய் கீழ்நோக்கிக் காத்திருந்தன.