ஒரு செக்கனில் விழுந்த குண்டு

1996 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. சட்டத்தரணி தவமணி தன் கண்டி அலுவலகத்தைத் திறந்தபோதே கமலாசனி வாசலில் நின்றாள். முந்தைய ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியா வழியாக வந்து, மகனுடன் மஹய்யாவவில் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவள்.

"விடிய பொலிஸ் வந்து மகனைக் கொண்டு போயிட்டாங்கள். நவரட்ணராஜா. நவம் எண்டுதான் கூப்பிடுறது. நேற்றுத்தான் உயர்தரக் கடைசிச் சோதனை எழுதினவன். நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போகினமாம். அங்க போன பிள்ளையள் எங்க எண்டு ஒருத்தரும் சொல்லினம் இல்லை."

தவமணி ஒரு புதிய வழக்குக் கோப்பை எடுத்தாள். அவளுடைய உதவிச் சட்டத்தரணி பாயிஸ் அதற்குள் கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டான்.

பொலிஸ் நிலையத்தில் பையனைப் பார்க்க விடவில்லை. பொறுப்பதிகாரி ஒரு சிங்களத் தாளை மட்டும் வாசித்துக் காட்டினார். தமிழில் கிடைத்த தகவலின் மொழிபெயர்ப்பாம். மூலத்தையும் தந்தவர் பெயரையும் காட்ட முடியாதாம். 'பரீட்சை முடிந்து வாவிக்கரையில் இருந்தபோது நவரட்ணராஜா நண்பர்களிடம் சொன்னது: கோபுரத்திலிருந்து மேலே எறிகிற குண்டு ஒரு செக்கனில் கீழே வரும்.' குண்டு என்ற இடத்தில், வெடிகுண்டைக் குறிக்கும் 'போம்பய' என்று எழுதியிருந்தது.

"பையன் என்ன சொல்கிறான்?" தவமணி சிங்களத்தில் கேட்டாள்.

"பரீட்சை, பரீட்சை என்கிறான். பிடிபட்ட எல்லாரும் ஏதாவது சொல்வார்கள்."

தெருவுக்கு வந்ததும் பாயிஸ் கொதித்தான். "பச்சப் பொய், மெடம்!"

"பொய் எழுதுறவன் செக்கன் கணக்கு ஏன் எழுதுறான்? நேற்றைய கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வாங்கோ. தமிழிலயும் சிங்களத்திலயும்."

பத்தரை மணிக்குப் பாயிஸ் இரண்டையும் மேசையில் விரித்தான். பௌதிகவியல் வினா இதுதான்: 'இருபது மீற்றர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஓர் உருக்குக் குண்டு செக்கனுக்குப் பதினைந்து மீற்றர் வேகத்தில் நிலைக்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது நிலத்தை அடைய எடுக்கும் நேரம் யாது?'

"உருக்குக் குண்டு! இதைத்தான் போம்பயண்டு மாத்திரிக்காங்க. வேல முடிஞ்சிது, மெடம்!"

"அரைவாசிதான். நவம் இந்தக் கேள்வியைத்தான் கதைச்சான் எண்டு ஆர் சாட்சி? பொலிஸுக்கு எழுதிக் குடுத்தவன் வந்து சொல்லவேணும். நேற்று வாவிக்கரையில அவனோட இருந்த பெடியளைக் கூப்பிடுங்கோ."

மூவர் வந்தார்கள். திகனக் கடைக்காரரின் மகன் மர்சூக், புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த காளிமுத்து, நவத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தம்பிராஜா. கமலாசனி மூலையில் ஒரு கதிரையில் இருந்தாள். தகவலில் இருந்ததைத் தவமணி அவர்களுக்குச் சொல்லவில்லை. வெள்ளைத் தாள்களைக் கொடுத்து, அந்த வினாவுக்குப் பரீட்சையில் என்ன விடை எழுதினார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

மர்சூக் நான்கு என்று எழுதினான். "நவத்துக்கும் அதே விடதான். வாவிக்கரைல நாங்க ரெண்டு பேரும் கை குடுத்தோம்."

காளிமுத்து வெறும் தாளை நீட்டினான். "நான் அந்தக் கேள்வியத் தொடவே இல்லீங்க. ஆனா நாலுன்னு நவம் கத்தினது இன்னும் காதுல இருக்கு."

தம்பிராஜா எழுத நேரம் எடுத்தான். "அவன் 'குண்டு கீழ வர எத்தினை செக்கன்?' எண்டு கேக்கேக்க என்ர பஸ் வந்திட்டுது. நான் ஓடீட்டன்," என்று சொல்லித் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

தவமணி அதைத் திருப்பினாள். ஒன்று.

"பாயிஸ், இந்தக் கணக்கில ஒண்டு எப்படி வரும்?"

பாயிஸ் பென்சிலால் வேகமாகப் போட்டுப் பார்த்தான். "மேல எறிஞ்சத கீழ எறிஞ்சதா எடுத்தா வரும், மெடம். குறியை மாத்திப் போட்டா…" அவன் பென்சிலை வைத்துவிட்டுத் தம்பிராஜாவைப் பார்த்தான்.

தவமணி அமைதியாகச் சொன்னாள். "பொலிஸுக்குப் போன தாளில ஒரு செக்கன் எண்டு இருக்கு. வாவிக்கரையில ஒட்டுக்கேட்ட ஆள் எண்டால் நாலு எண்டு எழுதியிருப்பான். மர்சூக்கும் காளிமுத்துவும் நாலு எண்டதைக் காதால கேட்டவை. நவம் கேட்ட கேள்வி தெரிஞ்சு, அவன் சொன்ன விடை தெரியாத ஆள்தான் தன்ர விடையை அவன்ர வாயில வைச்சிருக்கவேணும்."

தம்பிராஜா நிமிரவில்லை. "இதில ஒண்டு எண்டு எழுதேக்கையே தெரியும், பிடிபடுவன் எண்டு. பொய் விடை எழுத மனம் வரேல்லை," என்றான். "பஸ்ஸை ரோட்டுச் சென்ரிக் காவலில மறிச்சவங்கள். என்ர அடையாள அட்டையில யாழ்ப்பாணம். ரெண்டு மணித்தியாலம் முழங்காலில வைச்சிருந்தவங்கள். ஆரின்ரையாவது பேரையும் கதைச்சதையும் எழுது, இல்லாட்டி நீதான் உள்ள எண்டாங்கள். சோதனைக் கேள்வியை எழுதினால் ஒருத்தருக்கும் ஒண்டும் வராதெண்டு நினைச்சன், மிஸ்."

மர்சூக் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். கமலாசனி அழவில்லை, தம்பிராஜாவின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்சட்டையில் சரளை மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"அங்க வந்து சொல்லுவியோ?" என்று தவமணி கேட்டாள். "உன்னையும் பிடிச்சு வைக்கலாம். அதை மறைக்க மாட்டன்."

"வாறன்."

பொறுப்பதிகாரி சிங்களக் கேள்வித்தாளைத் தானே வாசித்தார். அதில் 'போம்பய' இல்லை, உருண்டையைக் குறிக்கும் 'கோலய' என்றிருந்தது. பிறகு தம்பிராஜா சொன்னதைக் கேட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நவரட்ணராஜாவைக் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் தம்பிராஜாவிடம் கையை நீட்டி, அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

"பொய்த் தகவல் கொடுத்த குற்றம். திங்கட்கிழமை வரை இவன் இங்கே இருக்கட்டும். பிறகு பார்ப்போம்."

"மிரட்டி வாங்கிய வாக்குமூலம் அது," என்றாள் தவமணி.

"யார் மிரட்டியது? எழுத்தில் தாருங்கள், சட்டத்தரணி அம்மா." அவர் சிரித்தார். "அவனே கையெழுத்து வைக்கட்டும். இங்கிருந்தே வைக்கட்டும்."

லாச்சி பூட்டப்பட்டது.

வெளியே நவத்தின் உதடு வீங்கியிருந்தது. "தம்பிராஜா ஏன் உள்ளுக்கு நிக்கிறான்?" என்று கேட்டான். கமலாசனி அவன் முகத்தை ஒருமுறை தடவிவிட்டுப் பாயிஸின் பக்கம் தள்ளினாள்.

"இவரோட போய்ச் சாப்பிடு. நான் வரேல்லை."

"அம்மா?"

"தம்பிராஜான்ர தாய் அங்கால, யாழ்ப்பாணத்தில. பாதை பூட்டிக் கிடக்கு. வாசலில ஒரு ஆள் இருக்குது எண்டு தெரிஞ்சால்தான் உள்ள இருக்கிறவனை ஏத்திக்கொண்டு போகப் பயப்பிடுவாங்கள்."

அவள் பொலிஸ் நிலையத்துக்கு முன்னாலிருந்த மரவாங்கில் போய் அமர்ந்தாள். காவலுக்கு நின்றவன் எழும்பச் சொன்னான். அவள் எழும்பவில்லை. சற்று நேரத்தில் தவமணியும் வந்து பக்கத்தில் அமர்ந்து, பொறுப்பதிகாரி எழுத்தில் கேட்ட முறைப்பாட்டை எழுதத் தொடங்கினாள்.