இடது கன்னம்

அறைக்கதவைத் திறந்ததும் அப்பாவின் இடது கன்னம்தான் கண்ணில் பட்டது. எலும்பும் தோலுமான முகத்தில் அது மட்டும் உப்பிப் பளபளத்தது.

அவன் சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவையும் காலையில் ஒரு மூட்டையாகவே புரட்டி, மூக்கைப் பிடித்து, திறக்கிற வாயில் சோற்றைத் திணித்து, விழுங்கினாரா என்றுகூடப் பார்க்காமல் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடுவது ஐந்து மாத வழக்கம். ஒத்தாசைக்கு ஆளில்லை; குடித்தால்தான் தூக்கம். மூத்திரமும் சீழும் ஊறிய மெத்தை, மூடிய ஜன்னல், மத்தியான வெயிலில் கொதிக்கும் தகரக் கூரை, இந்த வாடைக்கெல்லாம் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. இன்று அடித்தது வேறு. செத்த எலியைப் புளித்த சோற்றில் பிசைந்த வாடை.

கைபேசி அடித்தது. தங்கச்சி.

"பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன்ண்ணே. அப்பா சாப்பிட்டாரா?"

"வயிறு முட்டச் சாப்பிட்டார்."

"அஞ்சு மாசமா சாக்குச் சொல்லிக் கண்ணுலயே காட்டலை. இன்னிக்குப் பார்ப்பேன். சரியில்லைன்னா நேரா போலீஸுக்குத்தான்."

"வந்து பாரேன். நான் என்ன அவரைத் தின்னுட்டேனா?"

பத்து நிமிஷம் இருந்தது. உள்ளே தாழிட்டான். போர்வையால் புண்களை மூடினான். கன்னத்தை எதைக் கொண்டு மூடுவது? மூச்சை அடக்கிக்கொண்டு வாய்க்குள் இரண்டு விரலை விட்டுத் தோண்டினான்.

இன்றைய சோறு. அதற்கடியில் நேற்றையது, நூல் நூலாக இழுத்தது. அதற்கடியில் பச்சை பூத்தது. பிறகு கறுப்பு. கறுப்புக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்து நகத்திடுக்கில் ஏறியது.

மூன்று நாளாக மூக்கைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகவே திறந்து கிடந்தது. கிழம் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தான்.

இடது கையை அப்பாவின் மார்பில் வைத்தான்.

மார்பு ஏறி இறங்கவில்லை. துடிப்பில்லை.

மூன்று நாள். பிணத்துக்கு ஊட்டியிருக்கிறான்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணே, திற. என்ன நாத்தம் இது?"

விரல்களை உருவப் பார்த்தான். வரவில்லை.

பல் பதிந்திருந்தது.

இழுத்தான். தாடை இறுகியது. மூச்சில்லை. இமை அசையவில்லை. தாடை மட்டும். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மெதுவாக.

எலும்பு நொறுங்கியது.

"அண்ணே... உள்ள என்ன சத்தம்?"

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, அப்பா நன்றாக மென்று விழுங்கினார்.