நூற்றுப் பன்னிரண்டு தடவை பிறந்த லிங்கன்

நம்பினால் நம்புங்கள்... பிப்ரவரி மாதத்து மழை நாளொன்றில், ஒரே மதியத்தில், ஆபிரகாம் லிங்கன் நூற்றுப் பன்னிரண்டு தடவை பிறந்தார். பிறந்த ஊர் ஒவ்வொரு தடவையும் கென்டக்கிதான். ஆனால் பிறந்த இடம் ஒஹையோவில், வென்லாக் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய கூடம். மழைகூடக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி பெய்தது.

ஊரே சத்தியம் செய்கிறது. ஒருத்திதான் நம்பவில்லை. காபிக் கடை வில்மா. லிங்கனாகப் பிறந்தவனின் சொந்த அக்கா!

காலை ஒன்பது பத்துக்கு ஆரம்பித்தது அது...

இரண்டாம் வகுப்பு டீச்சர் டெலியா, உயரமான கறுப்புத் தொப்பி ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடி வந்தாள். செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து, மூன்று நாள் உலர்த்தி, அவளே வண்ணம் அடித்த தொப்பி. அதே நொடியில் வெளியிலிருந்து யாரோ கதவைத் தள்ள...

தொப்பி பறந்தது. வாசல் தண்ணீரில் விழுந்தது. அதன் மேல் ஒரு பூட்ஸ் இறங்கியது. சாதாரண பூட்ஸ் இல்லை. ஒன்றைக் கழற்றி ஆற்றில் விட்டால் நாலு பேர் மீன் பிடிக்கப் போகலாம்.

"ஐயோ! யாரை மிதிச்சிட்டீங்க தெரியுமா?"

பூட்ஸ்காரன் பதறிக் காலைத் தூக்கினான்.

"ஜனாதிபதியை!" என்றாள் டெலியா.

கோபமாக நிமிர்ந்தாள். அவன் சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது. இன்னும் நிமிர்ந்தாள்... தாடை. இன்னும்... ஒருவழியாகக் கண்கள். மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நிறம். உலகத்திடமே மன்னிப்புக் கேட்பது போன்ற பார்வை. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த அடுத்த வார்த்தை அவளுக்கு மறந்து போனது.

"பாய்லர்..." என்றான் அவன், கருவிப் பெட்டியைத் தூக்கிக் காட்டி. அவ்வளவுதான் பேச்சு.

ஆமாம், காலையிலிருந்து பள்ளியைச் சூடாக்கும் பாய்லர் வேலை செய்யவில்லை. கூடம் ஐஸ் பெட்டியாக இருந்தது. அது போதாதென்று, லிங்கன் வேஷம் கட்ட வேண்டிய பெர்சிக்கு விடிகாலையில் அம்மை போட்டுவிட்டது.

மதியம் ஒரு மணிக்குக் காட்சி. பத்தொன்பது குழந்தைகள் நாட்டின் பத்தொன்பது பெரியவர்களாக வேஷம் கட்டி, மெழுகுச் சிலைகளைப் போல அசையாமல் நிற்பார்கள். ஒவ்வொரு சிலையின் காலடியிலும் ஒரு சிவப்புக் காகித வட்டம். பார்க்க வருகிறவர்கள் அதை மிதித்தால் சிலைக்கு உயிர் வரும்; தன் கதையைச் சொல்லும். மூன்று வாரமாக டெலியா இதற்காகத்தான் மூச்சு விட்டாள். ஹாரியட் டப்மன் ஆன சிறுமி, அடிமைகளை இருட்டில் விடுதலைக்கு நடத்திக் கூட்டிப்போன கதையை முதல் தடவை சொல்லி முடித்தபோது, டெலியாவுக்கு உடம்பே சிலிர்த்தது. இத்தனை சின்ன வாய்க்குள் இவ்வளவு பெரிய வாழ்க்கையா!

இப்போது நடுவில் ஒரு வட்டம் மட்டும் காலி. சின்ன வகுப்புக் குழந்தைகள் வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த வட்டம். அவர்கள் வந்து மிதித்தால் யார் பேசுவது?

அவள் அந்த உயரத்தை மறுபடி பார்த்தாள். ஒட்டிய கன்னம்... நீண்ட கை கால்... சோகமான புருவம்...

"சார்! ஒரு உதவி. மதியம் லிங்கனா நிக்கிறீங்களா? நாலே வரி பேசினாப் போதும்."

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ம்ஹும்."

"ஏன்?"

"ம்ஹும்."

"ஏழு வயசுப் பிள்ளைங்க பதினெட்டு பேர் தைரியமாப் பேசப் போகுது. உங்களுக்கு மட்டும் கௌரவம் குறைஞ்சிடுமா? தொப்பியை மிதிக்க மட்டும் தெரியுமாக்கும்!"

அவன் குனிந்தான். நசுங்கிய தொப்பியை இரண்டு கைகளாலும் எடுத்தான், அடிபட்ட பறவையை எடுப்பது போல. தலை குனிந்து அடித்தளத்துப் படிகளில் இறங்கிப் போனான்.

'திமிர் பிடிச்ச ஏணி!' என்று நினைத்துக்கொண்டாள் டெலியா. ஆனால் அந்தக் கண்கள் ஏன் அப்படி...

பன்னிரண்டு மணிக்கு, காட்சிக்கு வருகிறவர்களுக்காக வில்மா செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' ஆறு தட்டு கொண்டுவந்து இறக்கினாள். டெலியா நடந்ததைச் சொன்னதும் வில்மாவின் கை நின்றது.

"யாரு, எங்க ஓரினையா? பேசச் சொன்னியா? அடி பைத்தியக்காரி!"

"உங்க தம்பியா?"

"தம்பிதான். நீ ஊருக்குப் புதுசு, உனக்கெங்க தெரியப் போகுது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி, இதே கூடம், இதே லிங்கன். கிளாஸ்லயே ஒசரம்னு இவனை நிறுத்தினாங்க. ஒரு மாசம் ராப்பகலாப் படிச்சான். வட்டத்தை மிதிச்சாங்க... பேச்சே வரல. மறுபடி மிதிச்சாங்க. ம்ஹும். யாரோ ஒருத்தன் 'பொம்மை ரிப்பேரு!'ன்னு கத்தினான். கூடமே சிரிச்சுது. அன்னைக்கு வாயை மூடினவன்தான். என் கடையில காபி வேணும்னாக்கூட நான்தான் அவனுக்காகச் சொல்லிக்கணும்." முந்திக்கொண்டு வந்த பெருமூச்சை வில்மா சிரிப்பாக மாற்றினாள். "அவன் பேசினா நான் என் அடுப்பையே தின்னுடுறேன், போ!"

அவள் மதியக் கூட்டத்தைக் கவனிக்கக் கடைக்கு ஓடிவிட்டாள். டெலியா அங்கேயே நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ நசுங்கியது... தொப்பி இல்லை.

ஒரு மணி. பெற்றோர்கள் கோட்டுகளில் மழை சொட்ட நுழைந்தார்கள். பதினெட்டுச் சிலைகள் மூச்சை அடக்கி நின்றன. வாஷிங்டன் மட்டும் பஞ்சு முடிக்குள் விரல் விட்டுச் சொறிந்தார். மின்னல் பிடித்த காகிதப் பட்டத்தோடு நின்ற விஞ்ஞானி பிராங்க்ளினுக்கு மூக்கு ஒழுகியது.

சின்ன வகுப்பு ஹாட்டி, நாலரை வயது, நேராகக் காலி வட்டத்துக்குப் போனாள். மிதித்தாள். காத்திருந்தாள். மறுபடி மிதித்தாள். இரண்டு காலாலும் குதித்தாள்.

"டீச்சர்... லிங்கன் வரலையே?" உதடு பிதுங்கியது.

டெலியா அவளிடம் குனிந்தாள். 

அப்போது சுவரோரக் குழாய்கள் கடகடவென்று உறுமின. வெந்நீர் ஏறியது. அடித்தளத்துக் கதவு திறந்தது...

ஓரின்! அவன் தலையில் ஒரு தொப்பி. நசுங்கியதற்குப் பதிலாக, பாய்லரின் பழைய புகைக்குழாயை வெட்டி, தகர விளிம்பு வைத்து, அவனே அடித்துச் செய்த கறுப்புத் தொப்பி! இரண்டு கையிலும் கருவிகள் இருந்ததால் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். வியர்வையைத் துடைத்துத் துடைத்துத் தாடை முழுக்க ஒரே கரி. தாடி!

கூடம் அசந்துபோனது. அமெரிக்காவே எழுந்து வாசலில் நிற்பது போல இருந்தது.

"வந்துட்டாரு!" ஹாட்டி ஓடிப் போய் அவன் விரலைப் பிடித்து வட்டத்துக்கு இழுத்து வந்தாள். நிறுத்தினாள். தள்ளிப் போய் நின்று, மரியாதையாக, ஒரே ஒரு தடவை மிதித்தாள்.



அவன் வாயைத் திறந்து மூடினான். கண்கள் டெலியாவைத் தேடின. அவள் வரி எடுத்துக் கொடுக்கவில்லை. மெல்லத் தலையை மட்டும் அசைத்தாள்... 'எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க.'

"நான்..." துருப்பிடித்த கதவு திறப்பது போலக் குரல். "நான் ஆபிரகாம் லிங்கன். ஆயிரத்து எண்ணூத்தி ஒன்பதுல, கென்டக்கில, மரக்கட்டை வீட்டுல பொறந்தேன். அடுப்பு வெளிச்சத்துல படிச்சேன். ரொம்ப ஒசரமா வளர்ந்தேன். பதினாறாவது ஜனாதிபதி ஆனேன். மனுஷனை மனுஷன் விக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாருமில்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஏழு வயதில் மனப்பாடம் செய்தது... ஒரு சொல் உதிராமல் உள்ளேயே இருந்திருக்கிறது! டெலியாவின் கண்கள் நிறைந்தன.

"என்னைப் பார்க்க வந்ததுக்கு நன்றி," என்று முடித்தவன், தயங்கி, இன்னும் ஒரு வரி சேர்த்தான். "இந்தத் தொப்பி எங்க அக்கா செஞ்சது."

தகரத் தொப்பியைப் பார்த்து எல்லோரும் விழித்தார்கள். டெலியா விழிக்கவில்லை. அது எந்தத் தொப்பி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னொரு தடவை!" என்றாள் ஹாட்டி. மிதித்தாள். அவர் மறுபடி கென்டக்கியில் பிறந்தார். அவளுக்குப் பின்னால் வரிசை கூடத்தைச் சுற்றி வாசல் வரை போயிற்று. மிதித்தவர்கள் திரும்ப வரிசையில் நின்று மறுபடி மிதித்தார்கள். அசையாமல் நிற்க வேண்டிய வாஷிங்டனே நழுவி வந்து மூன்று தடவை மிதித்தார் என்றால் பாருங்களேன்!

நாலு மணிக்கு, சிவப்பு வட்டங்களை எல்லாம் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டெலியா நிமிர்ந்தபோது, அவனைக் காணவில்லை.

காபிக் கடையில், பள்ளியிலிருந்து வந்தவர்களின் ஒரே அமளி.

"நூத்திப் பன்னெண்டு தடவை, வில்மா! நான் எண்ணினேன்!"

"எண்ணத் தெரிஞ்சா நீ ஏன் மூணு டோனட் தின்னுட்டு ரெண்டுங்கிறே? போங்கய்யா, புளுகுமூட்டைங்களா!"

"'தொப்பி எங்க அக்கா செஞ்சது'ன்னுகூடச் சொன்னான்."

வில்மா காபிக் கூஜாவை மேசைமேல் வைத்தாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தம்பிக்கு லிங்கன் தொப்பி செய்தவள் அவள்தான். பத்து வயது. அந்த வரியை அவள் கேட்டதே இல்லை. "அவன் வாயால சொல்லட்டும்... அப்ப நம்புறேன்," என்றாள், குரலை உயர்த்தி.

எல்லோரும் திரும்பினார்கள். முகம் கழுவி மூலையில் உட்கார்ந்திருந்த ஓரின் எழுந்தான். வாயைத் திறந்தான்... ஒன்றும் வரவில்லை. தாடி போனதோடு பேச்சும் போயிருந்தது.

கதவு மணி கிணுங்கியது. டெலியா, நனைந்த கூந்தலோடு, நேராக அவனிடம் வந்தாள்.

"காலைல பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க," என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு வட்டத்தை எடுத்து, குனிந்து, அந்தப் பெரிய பூட்ஸுக்கு முன்னால் வைத்தாள். ஷூவின் நுனியால் மெல்ல மிதித்தாள்.

"இது லிங்கனுக்கு இல்ல..." அவள் குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு."

ஓரின் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தான்.

"நான் ஓரின் டாஸ்கர்," என்றான். "வென்லாக்ல பொறந்தேன். பாய்லர் பழுது பாப்பேன். ஏழு வயசுல ஒரு வரி சொல்லாம விட்டுட்டேன்... வில்மா, அந்தத் தொப்பி ரொம்ப நல்லாருந்துச்சு." மூச்சு வாங்கினான். "இன்னைக்குக் காலைல ஒன்பது பத்துக்கு ஒரு தொப்பியை மிதிச்சேன். நிமிர்ந்தா... ஒருத்தங்க திட்டிக்கிட்டு நின்னாங்க. முப்பத்தொரு வருஷத்துல அப்பத்தான் முதல் தடவை, பேசத் தெரிஞ்சா எவ்வளவு நல்லாருக்கும்னு தோணுச்சு. அவங்களைத் தெனமும் பாக்கணும் போல இருக்கு. அதை அவங்ககிட்ட சொல்லணும். சொல்லிட்டேன். என்னைப் பார்க்க வந்ததுக்கு... நன்றி."

டெலியா சிரித்தாள், கண்ணீரும் வந்தது. வட்டத்தைத் தன் காலடிக்கு நகர்த்திக்கொண்டாள்.

"மிதிங்க," என்றாள்.

அந்த மாபெரும் பூட்ஸ், காகிதம் கசங்காமல், மெல்ல இறங்கியது.

"நான் டெலியா. எனக்கும் அதே ஒன்பது பத்துதான்..." அதற்கு மேல் வரவில்லை. அவள் நெற்றி சரியாக அவன் சட்டைப் பொத்தானில் போய் முட்டியது.

ஓரின் அக்காவைப் பார்த்தான். "வில்மா... ரெண்டு காபி. ஒரு செர்ரி பை. ஃபோர்க் ரெண்டு."

வில்மா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அடுப்பை எப்பத் திங்கப் போறே?" என்று யாரோ கேட்டார்கள்.

"சும்மா இருங்கய்யா," என்றாள் வில்மா. "நடந்துச்சு... நூத்திப் பன்னெண்டும் நடந்துச்சு. நூத்திப் பதிமூணாவது தடவை பொறந்ததை நானே பாத்தேனே!"