இரண்டாம் பாதியில் வந்தவர்கள்

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு டெனிஷா வாசிகசாலையின் கதவைத் திறந்தாள். கடற்பக்கத்து யன்னல் கண்ணாடிகள் உப்புப் படிந்து வெளிறிக் கிடந்தன. கொரோனா வந்ததிலிருந்து வாசகர்கள் எவரும் உள்ளே வருவதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சனியும் நான்கு மணிக்கு இணையவழியில் ஓர் உரை, அதன்பின் கலந்துரையாடல். மாம்புரியின் இந்தச் சின்ன வாசிகசாலைக்கு அதனால் கொஞ்சம் பெயரும் கிடைத்திருந்தது.

கூட்டிப் பெருக்கவரும் டொறத்தி அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள்.

"நிரோசன் தம்பிட போட் வந்திட்டா?"

"இன்னும் இல்லக்கா. காத்து மாறிட்டுது. உடப்புக் கரையில ஏறியிருப்பார். பஸ்ஸில வந்து இறங்கி, பசிக்குது எண்டு நிப்பார் பாருங்க."

"மீன் இல்லாம வெறுங்கையோட வந்தா உள்ள விடாத."

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் டெனிஷாவின் கை தன்னையறியாமல் கைப்பையைத் தொட்டுப் பார்த்தது. அவள் கணவன் நிரோசனின் போன் அதற்குள்தான் இருந்தது. இரண்டு போன்களைக் கடல்நீருக்குக் கொடுத்தபிறகு, தொழிலுக்குப் போகும்போது அதை அவளிடமே விட்டுப்போவது அவன் வழக்கம். நேற்றுப் பின்னேரம் தனியாகக் கடலுக்குப் போனவன். காலையில் திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பும் நாட்களில் அவன் முன்வாசலால் வருவதே இல்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கக் கிணற்றடிக்குப் போவான். வாளியைத் தொப்பென்று போட்டு, காலிலுள்ள உப்பும் மணலும் போகக் கழுவி, "டெனி" என்று கூப்பிடுவான். கலியாணமாகி ஏழு வருடம். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் அவள் நெஞ்சு இளகும்.

நான்கு மணிக்குக் கனமூலையிலிருந்து ஹயாத்து முகம்மது சேர் கணினித் திரையில் வந்தார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். 'எங்கள் கரையின் காற்றுகளும் நீரோட்டங்களும்' என்ற தலைப்பில் பேச வந்திருந்தார். கலந்துரையாடலை நடத்துபவர் புத்தளத்திலிருந்து ஸுல்பிகா ரீச்சர். வெளியே காத்திருந்தவர்களை ஒவ்வொரு பெயராகப் பார்த்து டெனிஷா உள்ளே விட்டாள். போன மாதம் யாரோ ஒருவன் புகுந்து உரைக்கு நடுவே பைலாப் பாட்டுப் போட்டதிலிருந்து டொறத்தி அக்காவும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து காவல் இருப்பாள்.

"பேர் பாத்து விடு பிள்ளை. பெட்டிக்குள்ள இருந்தாலும் கதவு கதவுதான்."

வாசிகசாலையிடம் இருந்தது கூட்டச் செயலியின் இலவசக் கணக்கு. நாற்பது நிமிடத்தில் கூட்டம் தானாகவே அறுந்துவிடும். எல்லோரும் அதே இணைப்பால் மறுபடி வருவார்கள். இரண்டாம் பாதியில் ஆட்கள் அவசரப்படுவார்கள் என்பதால், டெனிஷா பெயர் பார்ப்பதில்லை. எல்லோரையும் ஒரேயடியாக உள்ளே விடும் பொத்தானை அழுத்திவிடுவாள். முதல் பாதியில் பார்த்தவர்கள்தானே.

அன்றும் அப்படித்தான் அழுத்தினாள்.

சேர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அரைமணி நேரம் போனபிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பலகையில் தண்ணீர் மெல்ல மெல்ல அடிக்கும் சத்தம்.

"மகள், யாரோ மைக்கைத் திறந்து வெச்சிருக்காங்க," என்றார் சேர். "குளிக்கிறாங்க போல."

சிலர் சிரித்தார்கள். டெனிஷா பட்டியலைப் பார்த்தாள். முதல் பாதியில் முப்பத்தொரு பேர். இப்போது முப்பத்துநான்கு. கடைசியில் மூன்று கறுப்புக் கட்டங்கள்.

சவிரியான். எஸ்தாக்கி. பஸ்தியான்.

டொறத்தி அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்தாள்.

பஸ்தியான் அவள் புருஷன். ஆறு வருடங்களுக்கு முன் இந்த மூவரும் ஒரே படகில் போனார்கள். படகின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

"ஆரோ பகிடி விடுறாங்கக்கா," என்று டெனிஷா கிசுகிசுத்தாள்.

பூட்டிய அறைக்குள் டீசல் மணந்தது. அதோடு சேர்ந்து, வெயிலில் கிடந்த ஈரவலையின் நாற்றம்.

டிங்.

வெளியே இன்னொருவர் காத்திருப்பதாகத் திரை காட்டியது.

நிரோசன்.

டெனிஷா கைப்பையைத் திறந்தாள். அவனுடைய போன் உள்ளே இருந்தது. அணைந்து, குளிர்ந்து கிடந்தது. திரையில் அவன் பெயர் மட்டும் அசையாமல் நின்றது. ஒரு கை தூரத்தில், உள்ளே விடும் பொத்தான்.

அவள் விரல் தானாகவே அங்கே போனது. என் மனிசன் வெளியே நிற்கிறார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதா? டொறத்தி அக்கா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"உள்ள ஆர் இருக்கிறாங்க எண்டு பார், பிள்ளை. ஆரோட கொண்டுபோய் இருத்தப் போறாய்?"

ஸுல்பிகா ரீச்சரின் குரல் குறுக்கிட்டது. "டெனிஷா, உங்கட ஹஸ்பண்ட்தானே வெளியில நிக்கிறார்? நான் விடட்டா?"

ரீச்சரிடமும் அந்தப் பொத்தான் இருந்தது.

"விடாதீங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பது முகங்களும் உறைந்து அவளைப் பார்த்தன. சேர் பேச்சை நிறுத்தினார்.

"ரீச்சர், அல்லாவுக்காகத் தொடாதீங்க. அவர விடாதீங்க."

தண்ணீர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

டொறத்தி அக்கா திரையை நோக்கிக் குனிந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. "இஞ்ச பாருங்க," என்றாள், மிக மெல்ல. "நீங்களா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பஸ்தியானின் கறுப்புக் கட்டத்தில், கேள்வி கேட்பவர்கள் உயர்த்தும் அந்தச் சின்ன மஞ்சள் கை எழுந்தது.

பிறகு எஸ்தாக்கியின் கை.

பிறகு சவிரியானின் கை.

கடைசியாக, வெளியே நின்ற பெயர் ஒருமுறை மறைந்து தோன்றியது. தட்டுவதுபோல. மறுபடியும். மறுபடியும்.

நாற்பதாவது நிமிடம் வந்தது. திரை வெறுமையானது.

மூன்றாம் முறை டெனிஷா இணைப்பைத் திறக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். டொறத்தி அக்கா அணைந்த திரைக்கு முன்னால் கைகளை மடியில் போட்டபடி அப்படியே இருந்தாள்.

வெளியே கச்சான் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கியது. வெளிச்சம் குறைந்து, மணல் சாம்பல் நிறமாகியிருந்தது. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுக்க அவள் வேலிப் படலையைத் தள்ளினாள்.

முன்வாசலில் நிரோசன் நின்றான்.

சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எங்க போனீங்க? நான் இஞ்ச செத்துப் பிழைச்சன்!"

"எஞ்சின் நிண்டுபோச்சு." குரல் அடைத்திருந்தது.

அவள் ஓடிப்போய் கதவைத் திறந்தாள். அவன் படியில் கால் வைக்காமலே நின்றான்.

"உள்ள வரட்டா?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "என்ன கேள்வி இது? உங்கட வீட்டுக்கு நான் சொல்லோணுமா? வாங்க, வாங்க உள்ள!"

அவன் வந்தான். முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தாள். துவாயைக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்துக் கேத்தலை ஏற்றினாள். இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. தேத்தண்ணி குடிக்கட்டும், பிறகு எல்லாவற்றையும் சொல்லிச் சேர்ந்து சிரிக்கலாம்.

பின்பக்கம் வாளி கிணற்றுக்குள் தொப்பென்று விழுந்தது.

கேத்தலின் பிடியில் அவள் கை அப்படியே நின்றது.

தண்ணீர் ஊற்றும் சத்தம். சிமெந்துத் தரையில் பாதங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் சத்தம். ஏழு வருடமாகக் கேட்ட சத்தம்.

"டெனி... சோறு இருக்கா? உடப்பில இருந்து பஸ்ஸில நிண்டுகொண்டே வந்தன்."

பின்கதவின் கொண்டி ஆடியது. உள்ளே பூட்டியிருந்தது.

"டெனி, கதவத் திற."

அவள் அடி எடுத்து வைத்தாள். முன்னறையில் கதிரை கிறீச்சிட்டு நகர்ந்தது. டீசல் மணம் குசினிக்குள் வந்தது. ஈரக் கால்கள் ஒவ்வொன்றாகத் தரையில் பதிந்து, அவளுக்குப் பின்னால் வந்து நின்றன.

அவள் திரும்பவில்லை.

காதோரத்தில், நிரோசனின் அதே குரல், மிக மெல்ல:

"விடாத."