ஏழாவது ஜோடி பூட்ஸ்

பட்டியலில் இருபத்து மூன்று கருவிகள் இருந்தன. இருபத்திரண்டுதான் இருக்க வேண்டும்.

ஜவாத் திரையை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடியும் எண்ணினான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படமோ அலங்காரமோ இல்லாத பழைய நிரல் அது. ஓர் எழுத்தைத் தட்டி விட்டால் போதும், இந்த மத்தி மீன் தொழிற்சாலையின் சுவர்களுக்குள் ஓடும் ஒற்றைக் கம்பியில் கோத்துக் கிடக்கும் கருவிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் எண்ணைச் சொல்லும். நீராவி வால்வுகள், வெப்பம் அளப்பவை, கதவுப் பூட்டுகள், கொப்பரைகளுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கான சிவப்புப் பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்க எண். ஒன்றின் எண் இன்னொன்றுக்கு உலகத்தில் எங்கும் வராது.

கடைசி வரியில் இருந்த எண் ஏழில் முடிந்தது. மற்ற பதினொரு இலக்கங்களையும் பார்க்காமலே சொல்ல அவனால் முடியும். ஒரு வருடமாகத் தூக்கத்தில் அவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா ஜவாத், முடிஞ்சுதா இல்லையா?" மேற்பார்வையாளர் துஹாமி வாசலில் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். "பாங்குக்கு இன்னும் இருபது நிமிஷம். எட்டு மணிக்கு ஆய்வாளர் வர்றான். நாலாம் கொப்பரைக்குப் புதுப் பொத்தான் போட்டாச்சு, வேலை செய்யுதுன்னு அவன் கையில அந்தப் பட்டியலைக் கொடுத்தாத்தான் கையெழுத்து. படகு மூணு, மீனோட நிக்குது."

"ஒண்ணு அதிகமாக் காட்டுது, சி துஹாமி," என்றான் ஜவாத், பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடும் அந்த 'சி'யோடு.

"நோன்பு வயித்துக்கு எல்லாமே ஒண்ணு அதிகமாத்தான் தெரியும். நேத்து எம் பொண்டாட்டியே எனக்கு ரெண்டாத் தெரிஞ்சா. பயந்துபோய் மாடிக்கு ஓடிட்டேன்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி அவர் முற்றத்துக்குப் போனார்.

ஜவாத் அந்த வரியை அழித்தான். 'நீக்கப்பட்டது' என்றது திரை. மறுபடி பட்டியலைக் கேட்டான்.

இருபத்து மூன்று.

வெளியே ஸஃபி துறைமுகத்தின் மேல் வானம் இருண்டு, கடற்பறவைகள் கூரைத் தகட்டில் நகங்களால் கீறிக்கொண்டு நடந்தன. கூடத்தில் மீன் எண்ணெய் வாசம், ஈர இரும்பு வாசம், தரை கழுவிய குளோரின் வாசம். மூன்று கொப்பரைகளும் ஆறிக்கொண்டிருந்தன. மீன் டப்பாக்களை நீராவியில் வேகவைக்கும், ஒரு லாரியை நுழைத்துவிடலாம் போல நீண்ட உருளைகள். நான்காவது மட்டும், ஒரு வருடம் மூடிக்கிடந்தது, இன்று காலையிலிருந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"சி ஜவாத்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். டப்பா அடுக்கும் பிரிவின் ஹனியா, கையில் ஹரீரா சூப்புக் குடுவையும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமுமாக நின்றிருந்தாள். வெள்ளை மேலாடையின் மேல் விதவையின் வெள்ளைத் துணி.

"தனியா வேலை பார்க்கறீங்கன்னாங்க. நோன்பு திறக்க வேணாமா? அதான் கொண்டுவந்தேன்."

"எதுக்கு லல்லா ஹனியா, சிரமம்..." என்று மரியாதையாக இழுத்தான்.

"இன்னைக்குப் பத்தொன்பதாம் நோன்பு, எம் புருஷன் போய் ஒரு வருஷம். அவர் பேருல யாருக்காவது கொடுக்கணும்ல. துப்புரவுக்காரனுக்கும் சலாம் சொல்ற ஒரே மெக்கானிக் நீங்கதான்னு புஷைப் சொல்வாரு." குடுவையை மேசைமேல் வைத்தாள். போகவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா? அவரோட பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தாங்க. நல்லாக் காஞ்சு, சுத்தமா இருந்துச்சு. கொப்பரைக்குள்ள போறவன் பூட்ஸைக் கழட்டிக் கதவுகிட்ட வெச்சிட்டுத்தானே போகணும்? அதைப் பாத்தா உள்ள ஆள் இருக்கான்னு தெரியணும். அதானே வழக்கம்?"

"ஆமா."

"அப்ப அன்னைக்கு யாருமே பாக்கலையா?"

"எல்லாரும் இங்கயே தொழுதாங்க, லல்லா. எல்லார் பூட்ஸும் கதவுகிட்டதான் கிடந்துச்சு. நான்... நான் கவனிக்கல."

அவள் குடுவையை அவன் பக்கம் நகர்த்தினாள். "சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாங்கு ஒலித்தது. முற்றத்தில் நாற்காலிகள் இழுபட்டன, பால் டம்ளர்கள் மோதிக்கொண்டன, யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள். போன வருடத்துக்குப் பிறகு கொப்பரைகளுக்கு அருகே தொழக்கூடாது என்று உத்தரவு. பாய்கள் எல்லாம் முற்றத்துக்குப் போய்விட்டன. கூடத்தில் அவன் மட்டும். ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். அது நாக்கில் கரையாமல் கிடந்தது.

அவன் கவனித்திருந்தான். எண்ணியும் இருந்தான்.

போன வருடம் இதே மேசை, இதே திரை. நான்காம் கொப்பரையின் கதவு மூடியாகிவிட்டது. ஆனால் ஏழில் முடியும் கருவி வரி வரியாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது: உள்பொத்தான் அழுத்தப்பட்டது, உள்பொத்தான் அழுத்தப்பட்டது. நீராவி ஏற மறுத்தது. பசியில் அவனுக்குக் கண் இருட்டியது. திரும்பிப் பார்த்தான். தொழுகை வரிசையில் ஆறு முதுகுகள். கதவோரம் ஏழு ஜோடி பூட்ஸ். ஒருத்தன் தொழுகைக்குக் கைகால் கழுவ, ஒளு செய்யப் போயிருப்பான் என்று நினைத்தான். அப்படி நினைக்க விரும்பினான். இந்தப் பாழாய்ப்போன கருவி ஒரு வாரமாகவே பொய் சொல்லிக்கொண்டிருந்ததே. 'செய்தியைப் புறக்கணி' என்று தட்டினான். கருவி அடங்கியது. நீராவி ஏறியது.

பிறகு தட்டும் சத்தம் வந்தது. மூன்று தட்டல், ஓர் இடைவெளி, மூன்று தட்டல். தொழுகை முடித்த துஹாமி என்ன சத்தம் என்று கேட்டார். "குழாயில தண்ணி அடிக்குது" என்றான் ஜவாத், பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது, உள்பக்கம் ஒட்டியிருந்த கையுறைகளை எடுக்கத் துஹாமி கை நீட்டினார். அவை கையுறைகள் அல்ல. விரல் ரேகைகள் கூட இருந்தன.

அந்தக் கருவிக்கு நினைவு உண்டு. கடைசியாக அதற்கு யார், எத்தனை மணிக்கு, என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று அது தனக்குள் எழுதி வைத்திருக்கும். அதனால்தான் அன்று போலீஸ் வருவதற்குள் அவன் அதைப் பிடுங்கி, செத்துப்போன வேறொன்றை அந்த இடத்தில் மாட்டி, பழையதை அலைதடுப்புச் சுவரின் முனையிலிருந்து கடலில் எறிந்தான். கருவி தானாகச் செத்துவிட்டது, தட்டலைக் குழாய்த் தண்ணீர் என்று நினைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தான். எல்லோரும் நம்பினார்கள்.

எட்டு மணிக்கு ஆய்வாளர் இந்தப் பட்டியலைப் பார்ப்பார். அந்த எண் வழக்குக் கோப்பில் இருக்கிறது.

ஒருவேளை அன்றைய பதற்றத்தில் வேறு பெட்டியை எறிந்துவிட்டானோ? பழையது இன்னும் எங்காவது கம்பியில் தொங்குகிறதோ? கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. 'சிமிட்டு' என்றொரு கட்டளை. எந்தக் கருவிக்கு அனுப்புகிறோமோ அது தன் விளக்கை மூன்று முறை சிமிட்டும். உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் மூன்று முறை தட்டும். எங்கே இருக்கிறாய் என்று கேட்பதைப் போல.

இருபத்து மூன்றாவதற்கு அனுப்பினான்.

டக். டக். டக்.

நான்காம் கொப்பரைக்குள்ளிருந்து.

மேசையைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு முறை அனுப்பினான். டக், டக், டக். இடைவெளி. பிறகு, அவன் விசைப்பலகையைத் தொடாமலே, டக், டக், டக்.

திரையில் வரிகள் ஏறத் தொடங்கின. உள்பொத்தான் அழுத்தப்பட்டது. உள்பொத்தான் அழுத்தப்பட்டது. திரை நிரம்பி, மேலே நழுவி, மறுபடி நிரம்பியது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஏழு.

'புறக்கணி' என்று தட்டினான். அடங்கவில்லை.

அதைப் பிடுங்கியாக வேண்டும். வேறு வழியில்லை. 'கதவு திறந்தே இருக்கட்டும்' என்று கட்டளை கொடுத்தான். கதவு 'சரி' என்றது. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். டார்ச்சும் கம்பி வெட்டியும் எடுத்துக்கொண்டு நான்காம் கொப்பரையின் வாயில் வந்து நின்றான். பத்து வருடப் பழக்கம் குனியவைத்தது. பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்தான்.

உள்ளே இரும்பு குளிர்ந்து, காலுறை வழியாகக் கடித்தது. அமிலம் ஊற்றி எத்தனை முறை கழுவினார்களோ, அந்த வாசம் போகவில்லை. மீன் வாசம் இல்லை. வெந்த இறைச்சியின் இனிப்பான வாசம். டார்ச் வெளிச்சம் வளைந்த சுவரில் வழுக்கிப் போய்க் கடைக்கோடியில் நின்றது.

அங்கே இருந்தது. உப்புப் பூத்து, சிப்பி ஒட்டி, கடற்பாசி தொங்கும் ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து கிளம்பிய கம்பி எதிலும் சேராமல் அறுந்து தொங்கியது. அதன் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தான் உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

அதை அழுத்த அங்கே விரல் ஏதும் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது. பொத்தானின் மேல், ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாக.

பின்னால் கூடத்தில் திடீரென்று காலடிகள். கூரைத் தகட்டில் மழை.

"பாயை உள்ள இழுங்கடா! நனைஞ்சுடும்!" துஹாமியின் குரல். "இங்கயே தொழுதுடலாம். அல்லாஹ் மன்னிப்பான், ஆய்வாளர் எட்டு மணிக்குத்தான் வர்றான்."

சிரிப்பு. ரப்பர் பூட்ஸ்கள் கழன்று தரையில் விழும் சத்தம். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அப்புறம் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர். அப்புறம் அமைதி.

ஜவாத் வாசலை நோக்கித் திரும்பினான். அப்பால் அவன் மேசை தெரிந்தது. நாற்காலி காலி. மடிக்கணினியின் விசைகள் ஒவ்வொன்றாக உள்ளே அமிழ்ந்துகொண்டிருந்தன. மெதுவாக. எழுத்துக்கூட்டித் தட்டும், படிப்பறிவு இல்லாத ஒருவனைப் போல. ஒவ்வொரு விசையின் மேலும் ஆவி எழும்பியது.

ஓடினான். காலுறை வழுக்கியது. முழங்கால் இரும்பில் மோதி உடையும் சத்தம் அவனுக்கே கேட்டது. எழுந்தான். கதவு வந்துகொண்டிருந்தது. இடுக்கில் விரல்களைக் கொடுத்தான். கதவு நிற்கவில்லை. வலக்கையின் மூன்று விரல்கள் வெளியே விழுந்தன. கதவு பூட்டிக்கொண்டது.

அலறினான். அலறல் உருளைக்குள் சுற்றிச்சுற்றி வந்து அவன் காதையே அறைந்தது. வெளியே இருப்பவர்களுக்குக் குரல் கேட்காது. அது அவனுக்குத் தெரியும். தட்டல் மட்டும்தான் கேட்கும்.

கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தடித்த கண்ணாடி. அதில் முகத்தை அழுத்தினான். ஆறு முதுகுகள். தொழுகையில் நிற்பவர் யாரும் திரும்ப மாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், குடுவையை எடுத்துப்போக வந்த ஹனியா நின்றிருந்தாள்.

அவள் பூட்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. எண்ணினாள். முதுகுகளை எண்ணினாள். மறுபடி பூட்ஸ்களை.

பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். நேராக.

ஜவாத் தட்டினான். மூன்று தட்டல். இடைவெளி. மூன்று.

ஹனியா வந்து கதவடியில் குனிந்தாள். அங்கே கிடந்த மூன்று விரல்களை மேலாடையின் ஓரத்தால் பொறுக்கி, பக்கத்தில் ஓடிய மீன்கழிவு வாய்க்காலில் போட்டாள். தனியே கிடந்த அவன் பூட்ஸை எடுத்தாள். மற்ற ஆறு ஜோடிகளின் வரிசையில், கடைசியில், ஒரு முனை கூட முன்பின் ஆகாமல், அழகாக வைத்தாள்.

அவன் தரையில் விழுந்து வடிகுழாயின் வாயில் வாயை வைத்துக் கத்தினான். குழாய் வழியாக வெளியுலகம் மெலிதாகக் கேட்டது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார்கள். எலும்புகள் சொடுக்கிட எழுந்தார்கள்.

"என்ன சத்தம் அது?" துஹாமி.

"குழாயில தண்ணி அடிக்குது, சி துஹாமி," என்றாள் ஹனியா. "போன வருஷம் ஜவாத்தே சொன்னாரே."

"அவன் எங்க?"

"சூப்பு குடிக்கப் போயிருப்பாரு. வாங்க, ஆறிடும்."

காலடிகள் விலகின. வடிகுழாய் மூடிக்கொண்டது. எங்கோ ஒரு வால்வு திறந்தது.

காலடியில் சூடு. பிறகு கணுக்காலில். வெள்ளை. ஜவாத் தட்டினான். இடக்கையால். வலக்கையின் மிச்சத்தால். நெற்றியால். உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் கை மட்டும் கீழே இறங்கியது.

தட்டுவதை நிறுத்தினான்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை. மூன்று. இடைவெளி. மூன்று. அவன் தோளுக்கு மிக அருகில், பச்சை விளக்கின் சிமிட்டலில், தோலில்லாத இரண்டு கைகள், பொறுமையாக.